விவாகரத்து, பிள்ளை, ஜீவனாம்சம்: வேலூர்ப் பக்கம் வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துக்குக் குடும்ப வழக்கோடு வருகிறவர்களில் பலர், வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே வழக்கைப் பாதி கெடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். எங்கேயோ ஒரு தாளில் போட்ட கையெழுத்து, வாங்காமல் திருப்பி அனுப்பிய சம்மன், ரசீதில்லாமல் கையில் கொடுத்த பணம், சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போன பிள்ளை. சட்டப் பிரிவு தெரியாததால் வரும் நஷ்டத்தைவிட இவற்றால் வரும் நஷ்டம் பெரியது. கணவன் பக்கம், மனைவி பக்கம் என்ற வித்தியாசமும் இதில் கிடையாது.

பத்திரத்தில் எழுதிப் பிரிவது

குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி. குப்பம் சுற்றுவட்டாரத்தில் இன்னும் நடப்பது இது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு முத்திரைத்தாள் வாங்கி, "இன்று முதல் நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்துகொள்கிறோம், இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, சீர்வரிசை, நகை அனைத்தும் பெற்றுக்கொள்ளப்பட்டது, பிள்ளைக்கும் எதுவும் கேட்கமாட்டேன்" என்று எழுதுவார்கள். "கையெழுத்தப் போடும்மா, மத்ததப் பொறுமையா பாத்துக்கலாம்" என்பார் ஒரு மாமா. நோட்டரி முத்திரையும் விழுந்துவிட்டால் விவாகரத்து முடிந்துவிட்டதாக எல்லோரும் நம்பி எழுந்து போவார்கள்.

அந்தத் தாளால் திருமணம் முறியாது. இந்து திருமணச் சட்டம் 1955ன்படி நீதிமன்றத் தீர்ப்பாணை வேண்டும். சாதி வழக்கப்படி அறுத்துவிடும் முறையை அதே சட்டத்தின் 29(2) பிரிவு விட்டுவைத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வழக்கம் தம் சமூகத்தில் நெடுங்காலமாக, இடைவிடாமல் இருந்து வருகிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்கும் பாரம் அதைச் சொல்கிறவர் தலையில். பெரியவர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டது வழக்கத்துக்குச் சாட்சியாகாது.

திருமணத்தை முறிக்காத அந்தத் தாள் மற்றதையெல்லாம் முறித்துவிடும். அதை நம்பி மறுமணம் செய்தால் அந்த இரண்டாம் திருமணம் செல்லாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 82ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறைக்கும் இடம் உண்டு. அடுத்து, "மனமொத்துப் பிரிகிறோம்" என்ற வரி. ஜீவனாம்சம் தரும் பிரிவு (குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். 144) இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது. கோர்ட்டில் முறையாகப் பரஸ்பர சம்மத விவாகரத்து வாங்கிய பெண்ணுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பஞ்சாயத்துத் தாளில் பிரிந்தவருக்கு எதிராகத்தான் அது வேலை செய்யும். எதிர்த்தரப்பு வக்கீல் தாக்கல் செய்யும் முதல் ஆவணமே அந்தத் தாளாகத்தான் இருக்கும்.

"நகை பெற்றுக்கொண்டேன்" என்ற வரியும் அப்படித்தான். நகை அடகுக் கடையில் இருக்கும், கையெழுத்து பத்திரத்தில் இருக்கும். "பிள்ளைக்குக் கேட்கமாட்டேன்" என்பது மட்டும் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. அது பிள்ளையின் உரிமை, அம்மா எழுதிக்கொடுத்து அழிக்க முடியாது. அதை நீதிமன்றத்தில் சொல்லிப் புரியவைக்க வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டும் என்பதுதான் தொல்லை.

பேசுவதில் தப்பில்லை. பேசி முடிந்ததைப் பத்திரமாக எழுதாமல், கோர்ட்டோடு இணைந்த சமரச மையத்தில் ஒப்பந்தமாக எழுதுங்கள். அதற்குத்தான் நீதிமன்றத்தில் மதிப்பு. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தாலும் இதே எச்சரிக்கை. மனுவைப் பெற்றுப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். "சேர்ந்து வாழ்கிறேன்", "மேல்நடவடிக்கை வேண்டாம்" என்று அங்கே எழுதிக் கொடுப்பதும் பின்னாளில் ஆவணமாகத் திரும்பி வரும். எழுதுவதைப் படித்துப் பாருங்கள், நகல் கேளுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு பக்கம் முஸ்லிம் குடும்பங்களில் தவறு வேறு உருவில் வரும். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது, மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட. தனியார் ஷரீஅத் கவுன்சில் கொடுக்கும் குலா (மனைவி கேட்டுப் பிரிவது) சான்றிதழ் செல்லாது, பெண் குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023ல் தீர்ப்புச் சொன்னது. விவாகரத்தான முஸ்லிம் பெண் பழைய 125ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. "இத்தா காலம் (விவாகரத்துக்குப் பின் பெண் காத்திருக்கும் காலம்) முடிந்தது, இனி ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு, திருச்சபை கொடுக்கும் திருமண ரத்து சபைக்குள் மட்டும்தான். சட்டப்படி பிரிய விவாகரத்துச் சட்டம் 1869ன் கீழ் நீதிமன்ற ஆணை வேண்டும். பரஸ்பர சம்மதத்துக்கு அந்தச் சட்டத்தின் 10ஏ பிரிவு இரண்டு ஆண்டு பிரிவைக் கேட்கிறது, இந்துக்களுக்குப் போல ஓராண்டு இல்லை.

எந்த ஊர்க் கோர்ட்

வட ஆற்காடு 1989ல் பிரிந்தது; வேலூர் மாவட்டம் 2019ல் மறுபடி மூன்றாகப் பிரிந்தது. ஆதாரிலும் பத்திரங்களிலும் இன்னும் "வேலூர் மாவட்டம்" என்றிருக்கும் ஆம்பூர், வாணியம்பாடி வீடுகள் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் ராணிப்பேட்டை. பழைய முகவரியைப் பார்த்து மனுப் போட்டு, அதிகார எல்லை இல்லையென்று திருப்பி வாங்கிக்கொண்டு போனால் மாதங்கள் வீண். குடும்ப நல நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராத ஊர் என்றால் விவாகரத்து மனு சப் கோர்ட்டுக்கும் ஜீவனாம்ச மனு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் போகும். தாலுகாவைச் சொல்லி வக்கீலிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

இந்து திருமணச் சட்டத்தில் மனுப் போடும் இடம்: திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர். மனைவி மனுப் போட்டால் அவர் இப்போது இருக்கும் ஊரும் சேரும். சோளிங்கரில் தாலி கட்டி, பெங்களூரில் குடித்தனம் நடத்தி, காட்பாடியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண், காட்பாடி எல்லைக்குரிய கோர்ட்டிலேயே போடலாம். கணவருக்கு அந்தக் கடைசி வசதி இல்லை.

எல்லை ஊர் என்பதால் இங்கே இன்னொரு சிக்கல். சித்தூரிலும் பெங்களூரிலும் சம்பந்தம் செய்தவர்கள் நிறைய. கணவர் அங்கே வழக்குப் போட்டால், "நான் தமிழ்நாட்டில்தானே இருக்கிறேன், அது எனக்குப் பொருந்தாது" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வேலூரிலிருந்து சித்தூர் கிட்டத்தில் இருந்தாலும் வேறு மாநிலம். மாநிலம் தாண்டி வழக்கை மாற்ற உச்ச நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குள் இருப்பதைத்தான் மாற்றும். மாற்றல் மனு போட்டதாலேயே அங்கே வழக்கு நின்றுவிடாது, தடையாணை கிடைக்கும்வரை அங்கே ஆள் ஆஜராக வேண்டும்.

திருமணமாகி ஓராண்டு ஆகாமல் விவாகரத்து மனு போடக் கூடாது. மிகக் கடுமையான துன்பம் என்று தனி அனுமதி வாங்கினால்தான் விதிவிலக்கு. அந்த ஓராண்டில் ஜீவனாம்ச மனுவோ குடும்ப வன்முறைச் சட்ட மனுவோ போட எந்தத் தடையும் இல்லை.

சம்மனை வாங்காமல் இருப்பது

வாங்காவிட்டால் வழக்கு நகராது என்று நினைக்கிறார்கள். வழக்கு தன்பாட்டில் நகரும், உங்களைவிட்டு. தபாலை "வாங்க மறுத்தார்" என்று போஸ்ட்மேன் எழுதித் திருப்பினால் சேர்ப்பித்ததாகவே கணக்கு. கோர்ட் ஊழியரான அமீனா வந்து கதவில் ஒட்டிவிட்டுப் போனாலும் அப்படியே. பிறகு பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்ய 30 நாள். சம்மன் முறையாக வரவே இல்லையென்றால் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். ஜீவனாம்ச வழக்கில் எக்ஸ்பார்ட்டி உத்தரவுக்கு மூன்று மாதம். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு, ஒவ்வொரு நாளுக்கும் காரணம். நீதிமன்றம் மன்னிக்கச் சம்மதித்தாலும் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு வா என்று நிபந்தனை வைப்பது சகஜம்.

இதில் அதிகம் ஏமாறுவது "சேர்ந்து வாழ வா" என்று வரும், இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு மனுவில். கணவர் பாசத்தில் கூப்பிடுவதாக வீட்டில் பேசிக்கொள்வார்கள், இல்லை நடிப்பு என்று கிழித்துப் போடுவார்கள். இரண்டும் தப்பு. அதில் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகி, ஓராண்டு சேர்ந்து வாழவில்லையென்றால் அதையே காரணமாக வைத்து விவாகரத்து கேட்கலாம். காரணமில்லாமல் பிரிந்து போனார், ஜீவனாம்சம் கிடையாது என்ற வாதத்துக்கும் அது கைகொடுக்கும். சேர்ந்து வாழ மறுக்கத் தக்க காரணம் இருந்தால் 9ஆம் பிரிவுத் தீர்ப்பு எதிராக இருந்தாலும் ஜீவனாம்சம் உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் காரணத்தை எதிர்மனுவில் எழுதி வைத்தால்தானே பின்னால் காட்ட முடியும்? ஆஸ்பத்திரிச் சீட்டு, சி.எஸ்.ஆர்., செய்திகள், எது இருக்கிறதோ அதோடு எழுதுங்கள்.

வாய்தா தேதியைக் குமாஸ்தா போன் பண்ணிச் சொல்வார் என்று உட்கார்ந்திருப்பதும் இதே வகைத் தவறு. ஈகோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த தேதி, போன தேதி என்ன நடந்தது எல்லாம் தெரியும். வழக்குப் பதிவான அன்றே அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வதே நீதிமன்றத்தின் அனுமதியில்தான். கவுன்சலிங், சமரசத் தேதிகளுக்கு நீங்களே வந்தாக வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல், தொலைபேசி 15100.

ஜீவனாம்சம்: கேட்பவர் செய்யும் தவறு, கொடுப்பவர் செய்யும் தவறு

கேட்பவரின் முதல் தவறு தாமதம். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்படும், பிரிந்த தேதியிலிருந்து அல்ல. "பெரியவங்க பேசட்டும்" என்று இரண்டு வருடம் காத்திருந்தால் அந்த இரண்டு வருடம் போனதுதான். மனுவோடு இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், ஆனால் கேட்காதவருக்கு அந்த இழுப்பில்கூட இடமில்லை.

இரண்டாவது, "மாதம் 30,000 வேண்டும்" என்று மொத்தமாக ஒரு தொகை. எங்கிருந்து வந்தது என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் பதில் இருக்காது. ஒரு பிள்ளைக்கு மட்டும் இப்படிப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக் கட்டணம் 36,000 என்றால் மாதம் 3,000, வேன் 1,200, டியூஷன் 1,000, சாப்பாடு, பால் 4,000, துணி, புத்தகம் ஆண்டுக்கு 9,600, மாதத்துக்கு 800, மருந்து 500. கூட்டினால் 10,500. ஒவ்வொன்றுக்கும் ரசீது. அம்மாவின் வாடகை, மளிகை தனி. இப்படி எழுதிய தொகையை எதிர்த்தரப்பு சும்மா "அதிகம்" என்று சொல்லித் தள்ள முடியாது.

அதே 2020 தீர்ப்பின்படி இரு தரப்பும் சொத்து, கடன், வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். விவசாயக் குடும்பங்களுக்குத் தனிப் படிவம் உண்டு. நகரத்துப் படிவத்தில் நிலத்தையும் மாட்டையும் திணித்துக் குழப்ப வேண்டாம். எதிர்மனுதாரருக்கு நான்கு வாரம். இழுத்தடித்தால் அவர் தரப்பு வாதத்தையே நீக்கிவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இதில் வேலை பார்த்துக்கொண்டே "வருமானம் இல்லை" என்று எழுதும் மனைவிமார் உண்டு. பி.எஃப். கணக்கோ சம்பளம் ஏறும் வங்கிக் கணக்கோ வெளியே வந்தால் உண்மையாகச் சொன்ன மற்றவையும் நம்பிக்கை இழக்கும். பொய்ப் பிரமாணத்துக்கு நடவடிக்கையும் வரும். சம்பாதிக்கிற மனைவிக்கு ஜீவனாம்சமே கிடையாது என்றும் சட்டம் சொல்லவில்லை. வருமானம் போதாவிட்டால் கேட்கலாம். அதனால் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கணவர் பக்கத் தவறுகள் இன்னும் வெளிப்படையானவை. வேலையை விட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்பது ஒன்று. உடல் வலுவுள்ள ஆள் கூலி வேலை செய்தாவது மனைவி, பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022லும் சொன்னது. பழைய சம்பளத்தையும் படிப்பையும் வைத்து வருமானத்தை நீதிமன்றமே ஊகித்துவிடும். வழக்கு வந்த பிறகு பர்சனல் லோன், வண்டி லோன் எடுத்துக் கைக்கு வரும் சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவது இன்னொன்று. தானாக வாங்கிய கடனின் தவணையை நீதிமன்றங்கள் பொதுவாகக் கழிக்க விடுவதில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல், ஷூ கம்பெனிகளில் பீஸ் ரேட் வேலை என்பதால் சம்பளச் சீட்டு கிடையாது என்பார்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். சந்தா பதிவில் கூலி இருக்கும். கம்பெனியிடமிருந்து அந்தப் பதிவை வரவழைக்கச் சொல்லி மனைவி மனுப் போடலாம்.

சம்பளத்தில் 25 சதவீதம் என்ற கணக்கு எங்கும் சுற்றுகிறது. 2017ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அது நியாயமான அளவு என்றது, அவ்வளவுதான். சட்டத்தில் அப்படி விகிதம் எதுவும் இல்லை. அதை நம்பிக் கூட்டிக் கழித்துக்கொண்டு வருகிறவர்கள் இரண்டு பக்கமும் ஏமாறுகிறார்கள்.

பணத்தைக் கையில் கொடுப்பதுதான் கணவன்மார் அதிகம் நஷ்டப்படும் இடம். கணக்கைப் பாருங்கள். மனைவிக்கு 7,000, பிள்ளைக்கு 5,000 என்று உத்தரவு. மனுப் போட்டு ஓராண்டு கழித்து வந்தது. அன்றைக்கே பாக்கி 12 மாதம், 1,44,000 ரூபாய். அந்த ஓராண்டும் அவர் மாதம் 3,000 கொடுத்துக்கொண்டுதான் இருந்தார், மச்சானிடமோ பிள்ளையின் கையிலோ. 36,000 ரூபாய், ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அதுவே வங்கி வழியாகவோ மணியார்டரிலோ போயிருந்தால் பாக்கி 1,08,000 ஆகியிருக்கும். யூபிஐயில் அனுப்பினால் "ஜூன் மாத ஜீவனாம்சம்" என்று குறிப்பு எழுதுங்கள், மனைவியின் சொந்தக் கணக்குக்கே அனுப்புங்கள். தீபாவளிக்கு எடுத்த துணி, பிள்ளைக்கு வாங்கிய சைக்கிள் எல்லாம் கணக்கில் வராது. பள்ளிக் கட்டணத்தை நேரே பள்ளியில் கட்டினால், அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று உத்தரவில் எழுதியிருந்தாலொழிய, தானாகக் கழியாது.

வசூலில் மனைவி செய்யும் தவறு ஓராண்டுக் கெடுவை விடுவது. பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் நிறைவேற்று மனு போட்டால்தான் வாரண்ட், சிறை என்ற வழி. உரிமை அழியாது, ஆனால் அந்த வேகமான வழி அடைபட்டு சிவில் வழியில் போக வேண்டிவரும். "மொத்தமா சேரட்டும், ஒரேயடியா போடலாம்" என்று மூன்று வருடம் விடாதீர்கள். கணவர் பக்கம் இதற்கு ஒரு பதில் மூடநம்பிக்கை: ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் பாக்கி தீர்ந்தது என்று. தீராது. சிறை என்பது கட்ட வைப்பதற்கான அழுத்தம். கடன் அப்படியே நிற்கும். சம்பளக்காரர் என்றால் சம்பளப் பிடித்தமும் வரும்: சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதி பாதுகாக்கப்படும், ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மூன்றில் ஒரு பங்குதான் பாதுகாப்பு.

பட்டாளத்துக்காரர் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. கம்மவான்பேட்டையைச் சொல்லவே வேண்டாம். படைவீரரின் சம்பளத்தைச் சிவில் கோர்ட் ஜப்தி செய்ய ராணுவச் சட்டத்தில் தடை இருக்கிறது. ஜப்தி மனு போட்டு ஏமாறாமல், உத்தரவின் சான்றிட்ட நகலோடு யூனிட்டின் கமாண்டிங் ஆபீசருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மனைவி, பிள்ளை பராமரிப்புக்குச் சம்பளத்தில் பிடிக்க அந்தச் சட்டத்திலேயே வழி உண்டு. மாதாமாதம் அலையத் தேவையிருக்காது.

ஜீவனாம்ச வழக்கு, குடும்ப வன்முறை வழக்கு, விவாகரத்து வழக்கில் இடைக்கால மனு என்று மூன்று இடத்திலும் கேட்கலாம். ஒன்றில் கிடைத்ததை மற்றதில் சொல்லாமல் விடுவதுதான் தவறு. சொன்னால் கழித்துக்கொண்டு மீதியைப் பார்ப்பார்கள். மறைத்து மாட்டினால் மனுவே ஆட்டம் காணும்.

பிள்ளை யாரிடம்

பையன் அப்பாவுக்கு, பெண் அம்மாவுக்கு என்று சட்டம் கிடையாது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பொதுவாக அம்மாவிடம் இருக்கும் என்று 1956 இந்து இளவர் காப்பாளர் சட்டம் சொல்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. சம்பாதிக்காத அம்மாவுக்குப் பிள்ளை கிடைக்காது என்பதும் பயமுறுத்தல்தான், பணம் கொடுக்க அப்பா இருக்கிறார். நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலன்: யார் பள்ளிக்கு அனுப்புகிறார், காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார், தாத்தா பாட்டி உண்டா, பிள்ளை எங்கே வேர் பிடித்திருக்கிறது.

அதனால்தான் நடுவாண்டில் டி.சி. வாங்கிப் பிள்ளையை வேறு ஊருக்குக் கொண்டுபோவது எதிராகத் திரும்பும். காப்பாளர் சட்டத்தில் மனு, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக் கோர்ட்டில் போட வேண்டும். வழக்குக்கு முந்தின வாரம் தூக்கிக்கொண்டு போய் "இதுதான் வசிக்கும் இடம்" என்றால் நீதிபதிக்குக் காரணம் புரியாமல் இராது.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் வேண்டாம். விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி அறைக்குள் தனியாகப் பேசுவார். எட்டு வயதுப் பிள்ளை "அவர் என்னைக் கொடுமைப்படுத்தினார்" என்று பெரியவர் மொழியில் பேசினால், சொல்லிக்கொடுத்த ஆள் யார் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

பணம் வரவில்லை, பிள்ளையைக் காட்டமாட்டேன். பிள்ளையைக் காட்டவில்லை, பணம் தரமாட்டேன். இரண்டும் ஒரே தவறின் இரண்டு பக்கம். பார்க்கும் உரிமை தனி உத்தரவு, ஜீவனாம்சம் தனி உத்தரவு. ஒன்றை மீறியதற்கு மற்றது சமாதானம் ஆகாது. காட்டவில்லையென்றால் அதற்கு மனு இருக்கிறது. பணத்தை நிறுத்தினால் அந்த மனுவே பலவீனமாகும். பார்க்கும் உரிமை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் வராத அப்பாக்களும் உண்டு. பிள்ளை காத்திருந்து திரும்பிய ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா தரப்பில் குறித்து வைக்கப்படும், காவலை மாற்றக் கேட்கும்போது எடுத்துக் காட்டப்படும்.

சமரசத்தில் "அப்பா அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி எழுதி முடித்தால் அடுத்த சண்டைக்கு அட்வான்ஸ் கொடுத்த மாதிரி. இந்த அளவுக்கு எழுதுங்கள்: இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை, ஒப்படைக்கும் இடம், வரும் ஆள், புதன் இரவு 7 முதல் 7.30 வரை வீடியோ அழைப்பு. பொங்கல் ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே. மே விடுமுறை முதல் பாதி யாரிடம். பிள்ளைக்கு உடம்பு முடியாவிட்டால் தவறிய நாளுக்கு ஈடாக எந்த நாள். பரீட்சை வாரத்தில் என்ன. ஊர் மாறினால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். மே மாதம் வேலூர் வெயிலில் கோர்ட் வளாகத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையைச் சந்திக்கிற ஏற்பாட்டைவிட இது எவ்வளவோ மேல்.

காவல் உத்தரவு கல்வெட்டு இல்லை. பிள்ளை வளர வளர, நிலைமை மாற மாற, மாற்றக் கேட்கலாம். முதல் உத்தரவு பாதகமாக வந்துவிட்டதென்று பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வது மாற்றக் கேட்கும் வாய்ப்பையும் கெடுக்கும்.

பரஸ்பர சம்மதத்தில் விட்டுவிடுவது

இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான 13பி மனுவுக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இரண்டாம் முறை இருவரும் வர வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, எல்லோருக்கும் உடனே கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதற்கு முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டுப் பிரிவு முடிந்திருக்க வேண்டும், பிள்ளை, பணம் எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும். "சேர வழியில்லாமல் முறிந்துவிட்டது" என்ற ஒரே காரணத்தில் விவாகரத்து கொடுக்கும் அதிகாரமும் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். குடும்ப நல நீதிமன்றத்தில் அதைக் கேட்டுப் பயனில்லை.

தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால் முழுத் தொகையையும் முதல் நாளே கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் கடைசி நாளுக்கென்று நம்பியும் இருக்காதீர்கள். முதல் மனுவின்போது ஒரு பங்கு, இரண்டாம் முறை நீதிமன்றத்தில் மீதி, இரண்டும் டிமாண்ட் டிராஃப்டில், எண்ணை ஒப்பந்தத்தில் எழுதி. நிலுவையில் உள்ள ஒவ்வொரு வழக்கின் எண்ணையும் எழுதுங்கள். கொடுமை வழக்கு (பழைய 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 85) சமாதானமாகப் போனாலும் கீழ்க் கோர்ட்டில் தானாக முடியாது, சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும். அதற்கு மனைவி வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டு, பிறகு அலைகிறார்கள்.

சீர்வரிசைப் பட்டியலைப் "பாத்திரம் பண்டம், நகை" என்று எழுதக் கூடாது. எத்தனை பவுன், எந்த நகை, எங்கே இருக்கிறது, அடகில் இருந்தால் ரசீது எண், யார் மீட்பது. இருவர் பெயரிலும் வீட்டுக் கடன் இருந்தால், "இனி அவர் கட்டுவார்" என்று தீர்ப்பில் எழுதினாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. வங்கியில் பெயரை நீக்கிய பிறகுதான் பொறுப்பு நீங்கும். பிள்ளையின் தொகைக்கு ஆண்டு உயர்வு எழுதுங்கள். 144ஆம் பிரிவுத் தொகை பொதுவாக 18 வயதோடு நிற்கும், கல்லூரி அப்போதுதான் ஆரம்பிக்கும். யார் கட்டுவது என்று இப்போதே எழுதாவிட்டால் அன்றைக்குப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். திருமணமாகாத மகளுக்கு 1956 தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் 20ஆம் பிரிவு 18க்குப் பிறகும் துணை நிற்கும், அதற்குத் தனி வழக்கு.

போனும் தீர்ப்புக்குப் பிறகும்

கணவன் மனைவிக்குள் தெரியாமல் பதிவு செய்த உரையாடலையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பதிவை வாட்ஸ்அப்பில் வக்கீலுக்கு அனுப்பிவிட்டுப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால் சங்கடம். மூலப் பதிவு இருக்கும் போனை அப்படியே வைத்திருங்கள். புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் அதற்கு வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாமல், தேதியும் எண்ணும் தெரிய எடுங்கள். நீங்கள் அனுப்பிய வசவும் அதே போனில்தான் இருக்கிறது, எதிர்த்தரப்பும் எடுக்கும்.

ஒருவர் எதிர்த்து நடத்திய விவாகரத்து வழக்கில் தீர்ப்பு வந்த கையோடு மறுமணத் தேதி குறிக்கக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும்: குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது, 90 நாளைக் கணக்கில் வைத்து, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு எதுவும் பதிவாகவில்லை என்று பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள். சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலுக்கு நகல் மனு போட்டு இரண்டு மூன்று வாங்குங்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்க, பாஸ்போர்ட்டில் மாற்ற, எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். பி.எஃப்., எல்.ஐ.சி., வங்கிக் கணக்கு நாமினியைத் தீர்ப்பு தானாக மாற்றாது. ஒவ்வொரு அலுவலகத்திலும் தனித்தனியாகப் படிவம் எழுதிக் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்க வேண்டும்.